வெள்ளிக் குழாயிலிருந்து நீராவி வரை: முதியவர்கள் பேசாத ஒரு நோயின் வரலாறு

எனது பெரியப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், அவர் திடீரெனக் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போவதை நிறுத்திக்கொண்டார். இரவில் ஐந்தாறு தடவை எழுந்து முற்றத்துக்குச் செல்வார். ஒருநாள் இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியவரைப் பார்க்க அப்போதிக்கரி ஐயா சைக்கிளில் வந்தார். அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்கப்பட்டது. ஒரு றப்பர்க் குழாயை அதில் அவித்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் சென்றார். சிறுவர்களாகிய எங்களை வெளியே போகச் சொன்னார்கள். "பெரியப்பாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டபோது, "அது வயசுபோன ஆக்களின்ர வருத்தம்" என்பதற்கு மேல் எவரும் ஒன்றும் கூறவில்லை.

அந்த வருத்தத்தின் பெயர் புரொஸ்டேட் வீக்கம் என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அதே வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனது நண்பர்கள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுள் சிலர் 'நீராவிச் சிகிச்சை' என்ற சொல்லையும் உச்சரிக்கிறார்கள். சத்திரசிகிச்சை இல்லாமல் நீராவியால் குணமாக்குகிறார்களாமே, உண்மையா என்பதே அவர்களது கேள்வி. இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூறிவிட முடியாது. அதன் பின்னாலுள்ள வரலாற்றையும் அறிந்தால்தான் புதியதை எடைபோட இயலும்.

புரொஸ்டேட் என்பது, தமிழ்ப் பாடநூல்கள் முன்னிற்கும் சுரப்பி என அழைக்கும், வாதுமைக் கொட்டையளவான ஓர் உறுப்பு. சிறுநீர்ப்பையின் வாயிலில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற அது பருக்கிறது. இப்பருமன் புற்றுநோய் அல்ல. ஆனால் உள்ளே செல்லும் குழாயை அது நெரிக்கிறது. ஐம்பதுகளில் ஏறத்தாழ அரைவாசி ஆண்களிலும், எண்பதுகளில் மிகப் பெரும்பாலானோரிலும் இந்த வளர்ச்சியின் அடையாளங்கள் காணப்படுகின்றன. எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை என்பது ஆறுதலான செய்தி.

பல நூற்றாண்டுகளாக இதற்கு இருந்த ஒரே நிவாரணம் குழாய்தான். அமெரிக்க அறிஞரும் அரசியலாளருமான பெஞ்சமின் பிராங்கிளின் 1752 இல், சிறுநீர்ப்பைக் கல்லால் அவதியுற்ற தமது தமையன் ஜோனுக்காக வளைந்து கொடுக்கக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றை வடிவமைத்தார். பிலடெல்பியாவில் வெள்ளி வேலை செய்யும் ஒருவரிடம் தாமே முன்னின்று அதைச் செய்வித்து அனுப்பினார். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனும் தமது இறுதிக் காலத்தில் இதே தொல்லைக்கு ஆளானார். 1825 இல், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ரொப்ளி டங்கிலிசன் அவருக்குச் சலாகை செலுத்திச் சிகிச்சையளித்தார். மறு ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி ஜெபர்சன் காலமானார். நாட்டின் அதிபதிக்குக் கிடைத்ததும் எங்கள் கிராமத்து ஆசிரியருக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் கிடைத்ததும் அடிப்படையில் ஒரே வைத்தியமே.

குழாய் நிவாரணம் தந்தது, நோயைத் தீர்க்கவில்லை. தீர்க்க முனைந்தவர்கள் தேர்ந்த வழிகள் சில இன்று எம்மைத் திகைக்கச் செய்பவை. பிலடெல்பியாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் வைற், விதைகளை அகற்றினால் புரொஸ்டேட் சுருங்கும் என்று 1890 களில் வாதிட்டார். 1895 இல் இவ்வாறு சிகிச்சை பெற்ற 111 பேரின் விபரங்களை அவர் வெளியிட்டார். பெரும்பாலானோரில் சுரப்பி சுருங்கியதாக அதில் கூறப்பட்டது. நோயாளிகளுள் சிலர் உயிரிழந்தனர். வேறு சிலர் மனநிலை குழம்பினர். சில ஆண்டுகள் அட்லாந்திக்கின் இருகரைகளிலும் பின்பற்றப்பட்ட இம்முறை, பிறகு ஓசையின்றி மறைந்தது. புதிய சிகிச்சை எதையும் அதை ஆக்கியோரின் வாயால் மட்டும் கேட்டு நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

சுரப்பியையே தோண்டியெடுக்கும் வழி அதே பத்தாண்டில் பிறந்தது. நியூயோர்க்கின் யூஜின் புல்லர், அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பையூடாகச் சுரப்பியை அகற்றும் முறையை 1895 இல் எழுதி வெளியிட்டார். எனினும் இதைப் புகழ்பெறச் செய்தவர் பீற்றர் பிறேயர். அயர்லாந்தின் கோல்வே பகுதியைச் சேர்ந்த இவர் இந்திய மருத்துவ சேவையில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்தெடுப்பதில் பெயர் பெற்றவர். லண்டன் சென் பீற்றர்ஸ் வைத்தியசாலையில் 1900 டிசம்பர் 1 ஆம் திகதி தமது முதலாவது சத்திரசிகிச்சையைச் செய்த அவர், மறு ஆண்டே அதைப் புதிய கண்டுபிடிப்பாக அறிவித்தார். முதல்வர் யார் என்பதில் புல்லருக்கும் அவருக்கும் எழுந்த பிணக்கு நெடுநாள் நீடித்தது. நோயாளிக்கோ வயிற்றில் பெரிய வெட்டு, இரத்தப்போக்கு, வாரக்கணக்கில் படுக்கை. உயிர் தப்பியவர்கள் நன்றாகச் சிறுநீர் கழித்தார்கள் என்பதே அக்காலத்து வெற்றி.

வெட்டாமல் உள்ளே செல்ல வேண்டுமானால் உள்ளே பார்க்க வேண்டும். ஜேர்மனியரான மக்ஸ் நிற்சே 1870 களின் இறுதியில் சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை உருவாக்கினார். எடிசனின் மின்விளக்கு வந்தபின் அதன் நுனியில் ஒளியும் கிடைத்தது. நியூயோர்க்கின் மக்ஸ்மிலியன் ஸ்ரேர்ன் 1926 இல், மின்னோட்டம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியை உள்ளிருந்தே செதுக்கியெடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். மின்பொறியியலாளராக இருந்து வைத்தியரான தியோடர் டேவிஸ் அதன் மின்னோட்டத்தைச் சீர்செய்தார். ஜோசப் மக்கார்த்தி 1930 களின் தொடக்கத்தில் அதன் பார்வையைத் தெளிவாக்கினார். இவ்வாறு உருவானதே இன்றுவரை அளவுகோலாக விளங்கும், ரி.யூ.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சத்திரசிகிச்சை.

அந்த அளவுகோலுக்கும் ஒரு விலை இருந்தது. 1989 இல் அமெரிக்காவில் வெளியான, 3,885 நோயாளிகளைப் பற்றிய ஆய்வொன்று இறப்பு வீதம் 0.2 ஆகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. ஆயினும் நூற்றுக்குப் 18 பேருக்குச் சத்திரசிகிச்சையை அடுத்துச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. அத்துடன், பெரும்பாலானோரில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்லும் நிலை உண்டாகிறது. முதியவருக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த முதியவரே அன்றி வேறெவரும் அல்லர்.

சத்திரசிகிச்சைக்கு அஞ்சியவர்களுக்கு 1990 களில் மாத்திரைகள் வந்தன. அவற்றுள் ஒன்றின் பிறப்பு வியப்புக்குரியது. கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், பெண்களாகக் கருதி வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள் பருவ வயதில் ஆண்களாக மாறினர். அமெரிக்க ஆய்வாளர் ஜுலியான் இம்பராற்றோ மக்கின்லி குழுவினர் 1974 இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். ஆண் ஹோர்மோனை வலுவான வடிவுக்கு மாற்றும் நொதியம் ஒன்று அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பின்னும் அவர்களது புரொஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்ரறைட் என்ற மருந்து 1992 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மாத்திரைகள் பலருக்கு உதவின. ஆனால் அவற்றை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். தலைச்சுற்று, பாலுறவு நாட்டக் குறைவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

மாத்திரைக்கும் கத்திக்கும் இடையே ஒரு வழியைத் தேடியவர்கள் வெப்பத்தை நாடினர். நுண்ணலையால் சுரப்பியைச் சூடாக்கும் கருவியும், ஊசிகளைச் செருகி வானொலி அலை மின்னோட்டத்தால் சுடும் கருவியும் 1996 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பத்திரிகைகள் இரண்டையும் புரட்சி என்று வருணித்தன. ஆனால் வெப்பம் இழையத்தினூடாக மெல்ல மெல்லக் கடத்தப்பட வேண்டியிருந்தது. தோற்றுவாயின் அருகில் அது அதிகமாகவும் தள்ளிச் செல்லச் செல்லக் குறைவாகவும் இருந்தது. பலருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. ஊசி முறையைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறிவிட்டது.

இவ்விடத்தில்தான் நீராவி வருகிறது. அதன் கொள்கை புதியதன்று. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் 1760 களில் மறைவெப்பத்தை விளக்கினார். ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 100 பாகை வரை சூடாக்க 100 கலோரி போதும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் அங்கேயே விட்டுவிடுகிறது. கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆவி பட்ட காயம் கடுமையாக இருப்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் பௌதிகவியல் படிக்காமலே அறிவார்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இயங்கிய என்எக்ஸ்தெரா என்ற நிறுவனம் இதைச் சிகிச்சையாக்கி, அதற்கு 'ரெஸூம்' என்று பெயரிட்டது. சிறுநீர்க் குழாய் வழியே செலுத்தப்படும் கருவியிலிருந்து மெல்லிய ஊசியொன்று சுரப்பிக்குள் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழம் செல்கிறது. மின்சக்தி இங்கு உடலைச் சுடுவதில்லை; கருவியின் பிடிக்குள் இருக்கும் நீரையே ஆவியாக்குகிறது. ஊசியின் சிறு துளைகளூடாக 9 செக்கன்களுக்கு ஆவி பாய்கிறது. ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றருக்கும் குறைவான நீரே போதும். ஆவி கலங்களுக்கிடையேயான இடைவெளிகளில் பரவி, குளிர்ந்து, தன் வெப்பத்தை விட்டுவிடுகிறது. சுரப்பியின் பகுதிகளைப் பிரிக்கும் இயற்கையான எல்லைகளை அது பெரும்பாலும் கடப்பதில்லை. வெப்பம் பட்ட இழையம் இறந்து, வரும் வாரங்களில் உடலால் உறிஞ்சப்படுகிறது. நெரிபட்ட குழாய் விரிகிறது. முழுச் செயன்முறையும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

மனிதர்கள்மீதான தொடக்க ஆய்வுகளில் 65 பேர் பங்குபற்றினர். அவர்களைச் சேர்த்துக்கொண்ட நாடுகள் செக் குடியரசு, சுவீடன், டொமினிக்கன் குடியரசு. மாத்திரைக்கு வழிகாட்டிய நாடு நீராவிக்கும் களமானது. அடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வே முக்கியமானது. 197 பேரில் 136 பேருக்கு உண்மையான சிகிச்சையும் 61 பேருக்குப் பாவனைச் சிகிச்சையும் வழங்கப்பட்டன. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கருவி செலுத்தப்பட்டது, ஓசை எழுப்பப்பட்டது. ஆவி மட்டும் பாய்ச்சப்படவில்லை. தாம் எந்தப் பிரிவினர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்று மாதங்களின் பின்னர், 7 கேள்விகளுக்கு 35 புள்ளிகள் என்ற அளவுகோலில், சிகிச்சை பெற்றோரின் தொல்லை சராசரியாக 11 புள்ளிகள் குறைந்திருந்தது. எதுவும் பெறாதவர்களுக்கும் 4 புள்ளிகள் குறைந்திருந்தது! நம்பிக்கை மட்டும் தரும் ஆறுதலின் அளவு அது. 1895 இல் இப்படியொரு ஒப்பீடு செய்யப்பட்டிருக்குமானால், எத்தனை முதியவர்கள் வீணான வேதனையிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இக்கருவி 2015 இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. 2018 இல் பொஸ்ரன் சயன்ரிபிக் நிறுவனம் என்எக்ஸ்தெராவை வாங்கியது. பிரித்தானியாவின் 'நைஸ்' அமைப்பு 2020 இல் இதற்கு ஆதரவான வழிகாட்டியை வெளியிட்டது. ஐந்தாண்டு முடிவுகளின்படி, சிகிச்சை பெற்றவர்களுள் 4.4 வீதத்தினருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை போன்ற தலையீடும், 11 வீதத்தினருக்கு மீண்டும் மாத்திரையும் தேவைப்பட்டன. பாலுறவு ஆற்றல் பெரும்பாலும் காக்கப்பட்டது.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். ஆம், நீராவிச் சிகிச்சை உண்மையானது. ஆனால் அது மந்திரமன்று. முதற்கட்ட அனுமதி 30 முதல் 80 கன சென்ரிமீற்றர் வரையான சுரப்பிகளுக்கே வழங்கப்பட்டது. சிகிச்சை முடிந்த அன்றே நிவாரணம் கிடைக்காது. வீக்கத்தால் தொல்லை முதலில் கூடவும் செய்யும். சில நாட்கள் குழாயோடு இருக்க வேண்டும். எரிவும் சிறிது இரத்தமும் வரலாம். முழுப்பயன் தெரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். சிறுநீரின் வேகம் ரி.யூ.ஆர்.பி. அளவுக்கு உயர்வதில்லை. நீண்டகாலப் பயன் பற்றிய சான்றும் ரி.யூ.ஆர்.பி.க்கு இருப்பதுபோல் இதற்கு இன்னும் சேரவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில், வீக்கம் புற்றுநோயல்ல என்பதை வைத்தியர் உறுதிசெய்ய வேண்டும்.

வெள்ளிக் குழாய், வயிற்று வெட்டு, மின்வளையம், மாத்திரை, நுண்ணலை, நீராவி என்று நீளும் இவ்வரலாற்றில் ஒன்று மட்டும் அதிகம் மாறவில்லை. அது நோயாளியின் மௌனம். எனது பெரியப்பா கடைசிவரை பெரியாஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். வலிக்கு அஞ்சியதைவிட, ஒரு தாதியின் முன்னால் தம் வருத்தத்தைச் சொல்ல நேருமே என்று நாணியதே அதற்குக் காரணம் என்பதைப் பெரியம்மா பின்னர் கூறினார். அவர் காலத்திலேயே அவரைக் குணப்படுத்தக்கூடிய சத்திரசிகிச்சை இருந்தது. அதைப் பெற்றுத்தரக்கூடிய ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இரவில் அடிக்கடி எழும் வாசக அன்பர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், எந்தக் கருவி நல்லது என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் வீட்டிலுள்ளவர்களிடமும் வைத்தியரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள்.