ஒல்லாந்தர் ஏடுகளில் ஒரு பாட்டனார்



ஜான்ஸ், பீற்றர்ஸ், அந்தோனிஸ், வன் டோர்ட் என்றெல்லாம் பெயர் தாங்கிய பறங்கியக் குடும்பங்கள் நம் நாட்டில் ஒரு காலத்தில் நிறைந்திருந்தன. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின் பின் அவர்களிற் பெருந்தொகையினர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள், "எங்கள் மூதாதை யார்? எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்?" என இப்போது தேடுகின்றனர். அத்தேடலுக்கு விடை தரும் ஏடுகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இது பறங்கியருக்கு மட்டும் உரிய விடயமன்று என்பது போகப்போகத் தெரியவரும்.

முதலில் பெயர்களை நோக்குவோம். ஒல்லாந்த மொழியில் 'சோன்' என்றால் மகன். யான் என்பவரின் மகன் யான்சோன். எழுத்தர்கள் அதைச் சுருக்கி இறுதியில் ஓர் எழுத்தை மட்டும் இட்டு 'யான்ஸ்' என்றாக்கினர். அதையே நாம் ஆங்கில வாடையில் 'ஜான்ஸ்' என்கிறோம். நமது தேசவழமையை 1707இல் தொகுத்தளித்த யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரும் இவ்வாறே ஐசாக் என்பவரின் மகன் கிளாஸ்தான். பீற்றரின் மகன் யான் பீற்றர்ஸ். அந்த யானின் மகன் கிளாஸ் யான்ஸ். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறும். ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் ஆங்கில முறை இங்கே வழி தவறிவிடும். தந்தை பெயரை முன்னெழுத்தாகத் தாங்கும் தமிழருக்கோ இதில் வியப்பேதுமில்லை. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கமும் ஒல்லாந்தரிடம் இருந்தது. 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று என்று வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுப்பதில்லையா?

நெப்போலியனின் ஆட்சியில் 1811இல்தான் ஒல்லாந்தில் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியும் முறையும் பெரும்பாலான பகுதிகளில் அப்போதே தொடங்கிற்று. ஒல்லாந்தர் இலங்கையை விட்டகன்றது 1796இல். ஆகவே இங்கு வந்த எவரையும் அரச பதிவேட்டில் தேடிப் பயனில்லை. திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளே கதி.

எந்த ஊர்த் திருச்சபையில் தேடுவது? இதற்கு விடை தருவது கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற் சம்பளப் பேரேடு. என்னைக் கேட்டால், இந்த ஏடுகள் யாவற்றிலும் மனித வாழ்வை மிக நெருங்கிக் காட்டுவது அதுவே. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், அதன் பின் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. சாதாரண போர்வீரனின் மாதச் சம்பளம் 9 கில்டர். அவனுடைய பற்றுப் பக்கத்திலோ பெரும்பாலும் 150 கில்டர் கடன் முதலிலேயே ஏறியிருக்கும். கப்பல் புறப்படும் வரை அவனுக்கு உண்டியும் உறைவிடமும் கொடுத்த விடுதிக்காரருக்கு உரிய கடன்பத்திரம் அது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுச் சம்பளம் கடலில் கால் வைக்குமுன்னே தீர்ந்தது! அந்த விடுதிக்காரரை மக்கள் 'ஆன்மா விற்போர்' என்றே ஏசினர்.

'மாதக் கடிதம்' என்றும் ஒன்றுண்டு. ஆண்டில் மூன்று மாதச் சம்பளம் வரை தாய்க்கோ மனைவிக்கோ கொடுக்குமாறு கம்பனிக்கு எழுதிக் கொடுப்பது. இதில் உறவினர் பெயர் கிடைக்கும். கடிதம் ஆம்ஸ்ரர்டாமில் ஒரு மனைவியைக் காட்ட, கொழும்பு ஏடு அதே மனிதரின் திருமணத்தைக் காட்டுமானால், அவர் தாரமிழந்தவரா இருதாரக்காரரா என்று ஆராயும் சங்கடமும் பேரப்பிள்ளைகளுக்கு நேரும். கணக்கின் இறுதியில், ஊர் திரும்பினார் என்றோ இறந்தார் என்றோ ஒரு குறிப்பு. ஐரோப்பாவிலிருந்து கம்பனிக் கப்பல்களில் ஏறியோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர்; திரும்பியோர் மூன்றிலொரு பங்கினர் அளவே. ஏறியோரிலும் பலர் ஒல்லாந்தரல்லர். ஜேர்மனியர், ஸ்கண்டிநேவியர் முதலியோர். 'எங்கள் ஒல்லாந்தப் பாட்டனார்' ஜேர்மன் கிராமத்தவராய் முடிவதும் உண்டு. இப்பேரேடுகள் ஹேக் நகரிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இன்று கணினி வழியே தேடலாம்.

ஏடு கிடைத்துவிட்டால் போதாது, வாசிக்க வேண்டும். 8 என்னும் இலக்கத்தை எழுதி அருகில் 'பர்' என்று இட்டிருந்தால் அது எட்டாம் மாதமாகிய ஓகஸ்ற் அன்று, ஒக்ரோபர். பழைய உரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த வழக்கு இது. 7 என்றால் செப்ரெம்பர். 'உ' என்னும் ஒலியை அவர்கள் ஓ, ஈ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து எழுதினர். ஆகவே 'முத்து' என்ற நம்மவர் பெயரை ஆங்கிலம் படித்தவர் 'மோ' என்று தொடங்கித் திண்டாடுவார். தமிழர் என்ற சொல்லைத் தேடினாலும் அகப்படாது; நம்மை அவர்கள் 'மலபார்' என்றே குறித்தனர். ஆயினும் கந்தோர், லாச்சி, போஞ்சி என்று அன்றாடம் பேசும் நமக்கு ஒல்லாந்த மொழி முற்றும் அந்நியமன்று.

கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலே ஒல்லாந்தர் ஏடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஏனைய நாடுகளில் உள்ள கம்பனி ஆவணங்களோடு சேர்த்து இவற்றையும் யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றுள் காணிகளைப் பதிந்த தோம்பு, குடிகளைப் பதிந்த தோம்பு, பாடசாலைத் தோம்பு என வகைகள் உண்டு. கோயிற்பற்றுப் பள்ளிக்கூட ஆசிரியரே ஊரவரின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த முன்னோடிகள்மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டு. பாடமும் நடத்தி ஊர்ப்பிறப்பும் எழுதினார்களே! உத்தியோகத்துக்கும் உரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்த காலம் அது. வீட்டில் திருநீறணிந்த சைவர் பலர் தோம்பில் கிறித்தவப் பெயரோடு நிற்பது அதனாலேதான்.

இனிச் சற்றுக் கசப்பான பகுதி. 1908இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சாவளியை வெளியிட்டது. அருமையான பணி, மறுப்பதற்கில்லை. ஆனால் தந்தைவழியே அச்சங்கத்துக்கு முதன்மையான அளவுகோல். கம்பனிக் காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் இங்கு வந்தது மிகக் குறைவு. ஆளுநர் மாட்சைக்கர் 1640களின் பிற்பகுதியிலேயே இந்நாட்டுப் பெண்களை மணக்குமாறு தம்மவரை ஊக்கினார். ஆகவே மூதாதையின் மனைவியர் பலர் போர்த்துக்கேய வழியினர், சிங்களவர், தமிழர். ஞானஸ்நானம் பெற்று மரியா என்றோ அன்னா என்றோ ஆன பின் அவர்களின் பழைய பெயர் ஏட்டில் மறைந்தது.

'வன்' என்னும் சொல்லையும் கவனித்துப் பார்க்க வேண்டும். 'இன்ன இடத்திலிருந்து' என்பதே அதன் பொருள். வன் டோர்ட் என்றால் டோர்ட்ரெக்ட் நகரத்தார். உயர்குடியின் அடையாளம் அது என்று பெருமைப்படுவோர் உளர். ஆனால் ஒல்லாந்தர் தம் அடிமைகளையும் 'வன் வங்காளம்', 'வன் கொச்சி' என்றே எழுதினர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பசிக்கு விலைபோன ஆயிரக்கணக்கான தமிழரை நாகபட்டினம் முதலிய துறைகளில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கம்பனி ஏற்றியது. மெல்பேணில் இருந்து தேடும் ஒரு பேத்தியின் வழி, அம்ஸ்ரர்டாமில் அன்றி நாகபட்டினத்துக் கரையிலும் சென்று நிற்கலாம். சம்பளப் பேரேட்டில் ஒரு சாதாரண வீரனுக்கும் தனிக் கணக்கும் சொந்த ஊரும் உண்டு. நாகபட்டினத்தில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றிய குறிப்புகளில் இருப்பது பெரும்பாலும் இத்தனை தலைகள் என்ற தொகை மட்டுமே.