கீபோர்டுக்குத் தெரியாத கமகம்: தொட்டு வாசிக்கும் சின்தசைசர்களின் கதை

சீபோர்டு, லின்ஸ்ட்ரூமென்ட், கன்டினுவம், ஆஸ்மோஸ்... விரலால தடவி, அழுத்தி, அசைச்சு வாசிக்கிற இந்தக் கருவிகள்ல எதை வாங்கலாம்? அதுதான் இன்னைக்கு எபிசோட். ஆனா முதல்ல கொஞ்சம் வரலாறு பார்த்துடலாம். ஏன்னா இது எல்லாமே ஒரே பிரச்சனைக்குக் கிடைச்ச வேற வேற விடைகள்.

கட்டைன்னா சுவிட்ச்

சாதாரண கீபோர்டுல ஒரு கட்டையை அழுத்தின பிறகு, அந்த ஸ்வரம் உங்க விரல் பேச்சைக் கேட்காது. தோடி ராகத்து காந்தாரத்தை அசைச்சுத்தான் பாடணும்; அசைவு போனா தோடியும் போச்சு. வீணையில தந்தியை இழுத்து அதைக் கொண்டு வரலாம். ஹார்மோனியத்துல வழியே இல்லை. 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்குத் தடை போட்டதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. 1971-ல்தான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது.

ஆச்சரியம் என்னன்னா, எலக்ட்ரானிக் கருவிகளோட ஆரம்ப காலத்துல இந்தக் குறையே கிடையாது.

மோதிரமும் கம்பியும்

மோரிஸ் மார்ட்டெனோ ஒரு செல்லோ கலைஞர். முதல் உலகப் போரில் ரேடியோ ஆபரேட்டராகவும் இருந்தவர். 1928-ல் பாரிஸில் அவர் அறிமுகப்படுத்திய ‘ஓன்ட் மார்ட்டெனோ’வில், விரலில் மாட்டிய மோதிரத்தை நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டே போகும். பின்னால் வந்த மாடல்களில் கட்டைகளையே பக்கவாட்டில் ஆட்டி ஸ்வரத்தை அசைக்கலாம். இடது கையில் ஒரு பட்டன். அதை அழுத்துற அளவுக்குத்தான் சத்தம் வரும். 1930-ல் பெர்லினில் வந்த டிராட்டோனியத்தில் கட்டையே இல்லை. ஒரு கம்பியை அழுத்தி வாசிக்கணும்.

அப்புறம் ஏன் கட்டை ஜெயிச்சது? பியானோ தெரிஞ்சவங்க எல்லாரும் உடனே உட்கார்ந்து வாசிக்கலாமே! 1970-ல் வந்த மினிமூக் அந்த வழியில போச்சு. சுருதியை வளைக்கிற வேலை இடது கை பக்கம் இருந்த ஒரு சக்கரத்துக்குப் போயிடுச்சு. கலிபோர்னியாவில் டான் புக்லா மட்டும் பியானோ கட்டை வேண்டாம்னு தொடு தகடுகளை வெச்சார். 1977-ல் யமஹா சிஎஸ்-80 வந்தது. சுமார் 100 கிலோ எடை. பல கட்டைகளைப் பிடிச்சிருக்கும்போது ஒண்ணை மட்டும் கூடுதலா அழுத்தினா, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் மாறும். 1982-ல் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துல வாஞ்செலிஸ் வாசிச்சது இதைத்தான்.

1983: ஒரு டேட்டா மாடல் முடிவு

அடுத்தது நம்ம கோட் எழுதுறவங்களுக்குப் பிடிச்ச பகுதி. 1983-ல் எல்லாக் கம்பெனி கருவிகளும் ஒண்ணோட ஒண்ணு பேச ‘மிடி’ வந்தது. மொத்தம் 16 சேனல். எந்த ஸ்வரம், எவ்வளவு வேகமா அடிச்சாங்க, இந்த ரெண்டும் ஸ்வரத்தோட போகும். ஆனா சுருதி வளைவு? அது சேனலுக்குச் சொந்தம். ஸ-வும் க-வும் சேர்த்துப் பிடிச்சு, க-வை மட்டும் அசைக்கணும்னா முடியாது. ஸ-வும் சேர்ந்து ஆடும். கீபோர்டை மனசுல வெச்சு எழுதின ஸ்பெக், கீபோர்டோட எல்லையையே எல்லாருக்கும் எல்லையாக்கிடுச்சு.

இதைச் சுத்திப் போக ஒரு வழி இருந்தது: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி சேனல். கிட்டார் சின்தசைசர்கள் 80-களிலேயே இதைச் செய்தன. இது ‘எம்.பி.இ.’ங்கிற பெயரில் அதிகாரபூர்வ ஸ்டாண்டர்டு ஆனது 2018-ல். ஆமா, 35 வருஷம் கழிச்சு!

அதற்குள் கருவிகள் வந்துவிட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினுவத்தில், மெத்தென்ற சிவப்புப் பரப்பில் ஒவ்வொரு விரலையும் மூன்று திசையில் கருவி கவனிக்கும்: பக்கவாட்டில் சுருதி, முன்பின் நகர்ந்தால் தொனி, அழுத்தினால் சத்தம். ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா து’ பாட்டுல ஏ.ஆர்.ரஹ்மான் வாசிச்சது இதுதான். டிரம் மெஷின் புகழ் ரோஜர் லின்னின் லின்ஸ்ட்ரூமென்ட் 2014-ல் வந்தது.

சரி, எதை வாங்கலாம்?

சவுண்ட் எத்தனை இருக்குன்னு பார்க்காதீங்க. உங்க விரலுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு பாருங்க.

கீபோர்டு பழக்கமா? ஆஸ்மோஸ் அல்லது சீபோர்டு. கிட்டார் வாசிப்பீங்களா? லின்ஸ்ட்ரூமென்ட்டோட 200 கட்டங்கள்ல ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 5 செமிடோன் இடைவெளி. ஒரு கார்டோட வடிவத்தை எங்கே வேணா நகர்த்தலாம். ஆனா அதுக்குள்ள சவுண்டே கிடையாது, கம்ப்யூட்டர் வேணும். வயலின், வீணை, பாட்டு? கன்டினுவம். அதுல மேளமே இல்லாத வயலின் மாதிரி, சுருதி சேர்றது முழுக்க உங்க காது பொறுப்பு.

வாங்கினதும் ஒரு செட்டிங்கைச் சரிபாருங்க: சுருதி வளைவு எல்லை. கருவியில 48 செமிடோனும் சின்தசைசர் சாஃப்ட்வேர்ல 2-ம் இருந்தா, ஒரு முழு ஸ்தாயி வழுக்கினாலும் அரை செமிடோன்தான் நகரும். ரெண்டு பக்கமும் ஒரே எண் இருக்கணும். சாஃப்ட்வேர் எம்.பி.இ. புரிஞ்சுக்கணும், சர்ஜ் எக்ஸ்.டி. இலவசம், அதுக்குப் புரியும்.

பணம் போடுறதுக்கு முன்னாடி ஐபேட்ல ஜியோஷ்ரெட் ஆப்ல முயற்சி பண்ணுங்க. மகேஷ் ராகவன் கர்நாடக கமகங்களை வாசிக்கிறது அதுலதான். முதல் வாரம் பாட்டு வேண்டாம். ஒரே ஸ்வரம், மௌனத்துல இருந்து மெதுவா எழுப்பி, அசைச்சு, இறக்குங்க. அது பிடிச்சிருந்தா வாங்குங்க. அலுப்பா இருந்தா, நல்ல சாதாரண கீபோர்டே உங்களுக்குப் போதும்.

கடைசியா ஒண்ணு: ஆஸ்மோஸ் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோடது. அதுல ஸ்வரத்தை எப்படி அசைக்கணும் தெரியுமா? கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டணும். மார்ட்டெனோ அன்னைக்கே செஞ்சது.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே!