மணல் நின்ற இடம்: புதுச்சேரிக் கரை பின்வாங்கிய வரலாறு

புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலைச் சமாச்சாரம். தொழிற்பேட்டை, லாரி நிறுத்தம், பட்டறைகள் என்று வாரம் முழுக்க ஓடும் இந்த ஊரின் பெயரிலேயே மேடு இருக்கிறது. கடல் பொங்கினாலும் இங்கே எட்டாது என்ற நிம்மதியும் உண்டு. ஆனால் புதுச்சேரியின் கடற்கரை போன கதையைத் தேடிப் போனால், அது இந்த மேட்டையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

‘கடல் ஏறிவிட்டது’ என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏறியது உண்மைதான். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்ததாகக் காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை சொல்கிறது. 2006க்குப் பிறகு அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. இதே வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் பதினைந்து ஆண்டுகளில் ஐந்தாறு செ.மீ.தான் வரும். புதுச்சேரி நகரக் கடற்கரையோ ஏறத்தாழ அந்தக் கால அளவுக்குள் முழுதாகவே மறைந்துபோனது. ஐந்தாறு செ.மீ. நீர் ஒரு கடற்கரையையே விழுங்கிவிடாது. இங்கே கடல் ஏறியதைவிட மணல் வராமல் போனதே பெரிய காரணம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. திறந்த கடலில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சலங்கு என்னும் படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். கப்பல் வரத்தை விடாமல் குறித்துவைத்த, பதினெட்டாம் நூற்றாண்டுத் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணும் ஊர் இதுதான். 1860களில்தான் கடலுக்குள் நீளும் இரும்புக் கால் பாலம் ஒன்று எழுந்தது. 1952 புயல் அதைச் சாய்த்துவிட்டது. காந்தி சிலைக்கு எதிரே நீர் வடியும்போது தலைகாட்டும் துருவேறிய கால்கள் அதன் மிச்சம். பிறகு அதற்குத் தெற்கே கான்கிரீட் கால்களில் ஒரு பாலம் கட்டினார்கள்; அதன் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்தது.

இந்தப் பாலங்களின் கால்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலுக்கும் காலுக்கும் இடையே அலை போகிறது, அலையோடு மணலும் போகிறது. கட்டியவர்கள் மணலை நினைத்தா கட்டினார்கள்? கல்லைவிட இரும்புக் கால் மலிவு என்றுகூட இருக்கலாம். எதுவானாலும், நூறு ஆண்டுக்கும் மேலாகப் பாலமும் கடற்கரையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருந்தன.

1986க்கும் 1989க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் கட்டப்பட்டது. இம்முறை கால்கள் இல்லை. கடலுக்குள் நீளும் இரண்டு கற்கரைகள், அதாவது அலைத்தடுப்புச் சுவர்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 6 லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போவதாகக் கணிப்புகள் சொல்கின்றன. மேட்டுப்பாளையத்துக் கணக்கில் சொல்வதானால், ஒரு டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, நாள் தவறாமல் நூற்றிருபது, நூற்றைம்பது நடை. கடல் கூலியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த இந்த நடை, கற்கரையில் வந்து நின்றது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே நகரக் கரைக்கு வரவு நின்றுபோனது. ஆனால் செலவு நிற்கவில்லை.

இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல முடியாது. சென்னையில் 1876இல் துறைமுக வேலை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. நூறு ஆண்டு முந்தைய பாடம், நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பது புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. கட்டுமானத்துக்குத் திறப்பு விழா உண்டு. மணல் அள்ளிப் போடுவதற்கு ஏது விழா?

மணலுக்குப் பதில் கல் வந்தது. கரையோரம் நெடுக லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். 2004 சுனாமியின்போது நகரத்தைக் காத்தது அந்தக் கல்தான் என்று பலர் நம்புகிறார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை, அதன் அடியில் எஞ்சியிருக்கும் மணலையும் இழுத்துக்கொண்டுதான் போகும். குப்பத்தில் போய் நின்றால் வேறொரு நட்டமும் புரியும். கட்டுமரத்தை ஏற்றி வைக்கக் கரை வேண்டும். கரைவலை இழுக்கும் ஆட்கள் இரண்டு வரிசையாகக் கால் ஊன்றிப் பின்னால் நகர்ந்து வர வேண்டும். கருங்கல் குவியலில் எங்கே காலூன்றுவது? வலையும் கிழியும். கல்லுக்குப் பின்னால் வீடு பிழைத்தது, தொழில் பிழைக்கவில்லை.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்கடியில், ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் திட்டை இறக்கியது. கூடவே துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. இரண்டொரு ஆண்டில் அங்கே மறுபடி கடற்கரை தெரிந்தது. கருங்கல் பாதி புதைய, பிள்ளைகள் மணலில் இறங்கி விளையாடினார்கள். காரணம் மணல்தான் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் கடல்மட்டம் ஒன்றும் இறங்கிவிடவில்லை.

அப்படியானால் கடல் ஏறுவதைப் பற்றிக் கவலை வேண்டாமா? இனிமேல்தான் கவலை. அகன்ற மணற்கரை இருந்தால் புயல் அலை அதன்மேல் ஏறி ஓய்ந்துபோகும். மணலை இழந்த கரைக்கு அந்த இடைவெளி இல்லை. கடல் ஏறும்போது நிலமும் தாழாமல் அப்படியே நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. 1948–49இல் தனுஷ்கோடியின் தென்பகுதி தாழ்ந்தது புவி அசைவால் என்று ஆய்வு சொல்கிறது. ஜகார்த்தா தாழ்வதற்கோ நிலத்தடி நீரை உறிஞ்சியதுதான் முக்கியக் காரணம். புதுச்சேரி குடிப்பதும் ஏறத்தாழ முழுக்க நிலத்தடி நீரையே. பாரதி பூங்காவின் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நன்னீர் கடலோர நகரத்துக்கு வந்ததன் நினைவு. முத்திரையர்பாளையம் நம் மேட்டுக்குப் பக்கத்து ஊர்தான். அன்று கால்வாயில் தானாக ஓடியது நீர். இன்று ஆழ்குழாய் போட்டு மோட்டாரில் இழுக்கிறோம். கரையோரத்தில் நன்னீர் மட்டம் இறங்கினால் அந்த இடத்துக்கு உப்புநீர் வரும். அலை எட்டாத மேட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

1990 முதல் 2018 வரையான கரைமாற்றங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், புதுச்சேரி ஒன்றியப் பகுதிக் கரையில் 56 சதவீதம் அரிப்புக்கு உள்ளானதாகக் கண்டது; நாடு முழுதும் பார்த்தால் 34 சதவீதம். அரிப்பு நகரத்தோடு நிற்கவுமில்லை. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே கடல் அரித்தது. அங்கேயும் கல், அதற்கும் வடக்கே அரிப்பு. இப்படியே எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கற்சுவர், போட்ட குப்பத்தில் மணல் நிற்கிறது, அடுத்த குப்பம் தன் வளைவுக்கு மனு எழுதுகிறது. மணலை நிறுத்திய துறைமுகம் புதுச்சேரி அரசிடம், அரிக்கும் கரை தமிழ்நாட்டிடம். அலைக்கு இந்த எல்லை தெரியாது, கோப்புகளுக்குத் தெரிகிறது.

துறைமுக வாயில் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் தூர்வாருவதாகச் செய்தி வரும். அடுத்த முறை அதைப் படிக்கும்போது, எத்தனை கோடி என்பதோடு விட்டுவிடாதீர்கள். அள்ளிய மணலை எங்கே கொட்டினார்கள், வடக்கிலா வேறெங்குமா என்று கேளுங்கள்.