பைத்தான் நிரல்மொழியின் சர வகை மாற்றமும் தமிழ் எழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நிரல்மொழிகளின் வரலாறு பெரும்பாலும் வேகம், எளிமை ஆகிய அளவுகோல்களாலேயே எழுதப்படுகிறது. ஒரு நிரல்மொழி எதனை ‘எழுத்து’ என ஏற்கிறது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியாகும். பைத்தான் மொழியிலும் அதன்மேல் அமைந்த ஜாங்கோ சட்டகத்திலும் நிகழ்ந்த மாற்றங்களை அந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

பைட்டிலிருந்து குறியீட்டுக்கு

பைத்தான் 1991இல் வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 2.0 பதிப்பு யூனிகோடு சரத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. எனினும், முன்னொட்டின்றி எழுதப்படும் இயல்பான சரம் பைட்டுகளின் தொகுதியாகவே நீடித்தது. ‘தமிழ்’ என்னும் சொல்லை யுடிஎஃப்-8 முறையில் இச்சரமாக வைத்தால் அதன் நீளம் 15 எனக் கணிக்கப்பட்டது. 2008 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பு யூனிகோடு சரத்தையே இயல்பானதாக்கியது. அதே சொல்லின் நீளம் 5 ஆயிற்று.

இம்மாற்றத்தால் பழைய நிரல்கள் பல புதிய பதிப்பில் இயங்கவில்லை. பழைய முன்னொட்டை மீண்டும் ஏற்ற 3.3 பதிப்பு (2012) இருபதிப்புகளிலும் இயங்கும் நிரல்களை எழுதுவதை எளிதாக்கியது. ஜாங்கோ 1.5 (2013) பைத்தான் 3ஐச் சோதனை நிலையில் ஏற்றது, ஜாங்கோ 2.0 (2017) பைத்தான் 2ஐக் கைவிட்டது.

பெயராக ஏற்பு, சொல்லாக மறுப்பு

பைத்தான் 3இல் ‘தமிழ்’ என்பதையே ஒரு மாறியின் பெயராக வைக்கலாம். ஆனால், தலைப்பிலிருந்து இணைய முகவரிக்குரிய பகுதியை உருவாக்கும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை சார்பு, தொடக்கத்தில் தமிழ்த் தலைப்புகளை வெற்றுச்சரமாக்கியது. ஜாங்கோ 1.9 (2015) யூனிகோடு எழுத்துகளை அனுமதிக்கும் தெரிவை இச்சார்பில் சேர்த்தது. அத்தெரிவைப் பயன்படுத்தினாலும் ‘தமிழ்’ என்பது ‘தமழ’ என்றே வெளிவரும். கல், கலை, கலி ஆகிய மூன்றும் ‘கல’ என ஒன்றாகிவிடும். வேறுபட்ட தலைப்புகள் ஒரே முகவரியைப் பெறுவது எண்ணிம நூலகத்திற்கும் ஆய்விதழுக்கும் சிறு குறையன்று.

காரணம்

ஐஎஸ்சிஐஐ முறையைத் தழுவிய யூனிகோடு, உயிர்மெய்யை ஓரலகாகக் குறியேற்றவில்லை. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையிலன்றிச் ‘சார்குறி’ வகையில் வைக்கப்பட்டுள்ளன. பைத்தானின் மாறிப் பெயர் விதி சார்குறிகளை ஏற்கிறது. ஸ்லக்கிஃபை சார்ந்திருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் சொல்லெழுத்து விதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. ஒரே மொழிக்குள் இரு விதிகள் முரண்படுகின்றன.

முடிவுரை

15 என்பது பைட்டின் கணக்கு. 5 என்பது குறியீட்டின் கணக்கு. தமிழ் இலக்கணத்தின் கணக்கோ 3. பைத்தான் 3 முதற்கணக்கிலிருந்து இரண்டாவதற்கு வந்தது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. எனவே, தமிழ்த் தரவைக் கையாள்வோர் புதிய வசதியின் பெயரை மட்டும் நம்பாது, உயிர்க்குறியும் புள்ளியும் உள்ள சொற்களைக் கொண்டு அதனைச் சோதித்தறிதல் வேண்டும்.