சுரைக்குடுக்கையும் பதிவேடும்: மாசாய் நிலத்தில் பேணுதலின் உரிமை

மாசாய் வீட்டில் பால் கறப்பதற்கு முன் சுரைக்குடுக்கை தயாராக வேண்டும். ஒலோய்ரியென் என்று அவர்கள் அழைக்கும் காட்டு ஒலிவ மரத்தின் குச்சியைப் பெண் தணலில் இடுகிறாள். நுனி கனன்றதும் அதைக் குடுக்கைக்குள் விட்டு உட்புறமெங்கும் தேய்க்கிறாள். மாட்டுவால் மயிர் கட்டிய நீண்ட துடைப்பானால் கரித்தூளைத் துடைத்தெடுக்கிறாள். புகையேறிய குடுக்கையில் ஊற்றிய பால் எளிதில் கெடாது. அதற்கென்று ஒரு மணமும் உண்டு. கன்றுக்கு எவ்வளவு விடுவது, வீட்டுக்கு எவ்வளவு கறப்பது, வந்த விருந்தாளிக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவள் கையில்தான் இருக்கிறது.

இந்தச் சிறு வேலைக்குப் பின்னால் எத்தனை உரிமைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். பால்மாடு வீட்டுக்கு எட்டிய தொலைவில் மேய வேண்டும். ஒலிவ மரம் நிற்கும் சரிவுக்குப் போய்க் கிளை ஒடித்துவர யாரும் தடுக்கக் கூடாது. தண்ணீருக்கு வழி திறந்திருக்க வேண்டும். இவை எவையும் தலைமுறைகளாக எந்தத் தாளிலும் எழுதப்பட்டதில்லை. எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. தாள் வந்தபோதுதான் சிக்கல் வந்தது.

மாசாய் பெண்களுக்கும் இளையோருக்கும் பண்பாட்டின் வழியே அதிகாரமளிப்பதாகச் சொல்லும் திட்டங்கள் கென்யாவிலும் தான்சானியாவிலும் நிறைய நடக்கின்றன. மணி கோத்த அணிகள், நடனம், பண்பாட்டுக் கிராமம், சுற்றுலாப் பயணிகளுக்கான விற்பனைக்கூடம் ஆகியவை அவற்றில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றால் வரும் காசு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிகாரமளித்தல் என்ற சொல், இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொடுப்பதாக ஒலிக்கிறது. மாசாய் பெண்ணிடம் இருந்த நில உறவு எந்தக் கட்டத்தில், எந்தப் பதிவேட்டில் விடுபட்டது என்று தேடிப் பார்ப்பதே முதல் வேலை. திருத்தம் அந்தப் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாசாயர் பேசும் மா மொழியில் எரமத்தாரே என்று ஒரு சொல் உண்டு. மந்தையைப் பேணுவது, நிலத்தைப் பேணுவது, மக்களைப் பேணுவது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அந்தச் சொல் மூன்றையும் பிரிப்பதில்லை. கன்றுகளையும் நோயுற்ற மாடுகளையும் வீட்டருகே வைத்துப் பார்ப்பவர்கள் பெண்கள். தொலைவில் மேயும் மந்தைக்குக் காவல் நிற்பவர்கள் மொரான் எனப்படும் இளைஞர்கள். எந்தப் புலத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கூடி முடிவெடுப்பவர்கள் மூத்த ஆண்கள். மரக்குச்சிகளை வளைத்துச் சாணமும் மண்ணும் பூசி வீட்டைக் கட்டுபவள் பெண், வீடு அவளுடையது. மணமாகும்போது அவளுக்கென்று ஒதுக்கப்படும் மாடுகள் அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். கணவன் அந்த மாடுகளை நினைத்தபடி விற்றுவிட முடியாது. ஒரே மாட்டின் மீது பலருக்குப் பலவித உரிமை இருந்தது.

இதைப் பொற்காலமாகத் தீட்டினால் ஆய்வு பொய்யாகிவிடும். ஊர்க்கூட்டத்தில் பெண்ணுக்கு இடம் இருந்ததில்லை. சிறுமிகள் இளவயதில் மணம் செய்து கொடுக்கப்பட்டார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்பு இருந்தது. 2011-இல் கென்யா அதைத் தனிச்சட்டத்தால் தடை செய்த பின்னும் அது முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் அதே பண்பாட்டில்தான் கடவுளின் பெயரான என்காய் பெண்பால் முன்னொட்டோடு வழங்குகிறது. நிலத்தைக் குறிக்கும் என்கோப் என்ற சொல்லும் பெண்பால்தான். இலக்கணத்தை வைத்துச் சமூகத்தை அளந்துவிட முடியாது என்பது உண்மையே. என்றாலும் பெண்கள் கூட்டாகத் திரண்டு வந்தால் ஆண்கள் அஞ்சி வழிவிடும் அறவலிமை மாசாய் வழக்கில் உண்டு என்பதை மானிடவியலாளர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான டோரத்தி ஹாட்ஜ்சன் 2001-இல் வெளியிட்ட ‘ஒன்ஸ் இன்ட்ரெபிட் வாரியர்ஸ்’ நூல் தான்சானிய மாசாயரைப் பற்றியது. ஆணைக் குடும்பத் தலைவனாகவும் வரி கட்டுபவனாகவும் மாட்டின் ஒரே உடைமையாளனாகவும் ஆக்கியதில் காலனி ஆட்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அவர் காட்டும் முடிவு. மாசாய் ஆணாதிக்கம் முழுக்கத் தொன்மையானது என்ற எண்ணத்தை அந்நூல் அசைத்துவிட்டது.

நில இழப்பின் முதல் கட்டம் தெரிந்த கதை. பிரிட்டிஷ் ஆட்சியோடு செய்த 1904 ஒப்பந்தத்தால் கென்ய மாசாயர் நைவாஷா சுற்றுப்புறத்தை வெள்ளைக் குடியேறிகளுக்கு விட்டு லைகிப்பியாவுக்கும் தெற்கே உள்ள ஒதுக்கிடத்துக்கும் போனார்கள். மாசாய் இனம் உள்ள வரை அந்த நிலம் அவர்களுடையது என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. 7 ஆண்டுகளில், 1911-இல், லைகிப்பியாவும் பறிபோனது. இதை எதிர்த்து மாசாயர் தொடுத்த வழக்கை 1913-இல், ஒப்பந்தம் இரு அரசுகளுக்கு இடையிலானது, ஆகவே உள்நாட்டு நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு அவ்வளவு கவனம் கிடைத்ததில்லை. ஆனால் பெண்ணுக்கும் இளையோருக்கும் அதுதான் தீர்ப்பு எழுதியது. விடுதலை பெற்ற கென்யா 1968-இல் நிலக் குழுப் பிரதிநிதிகள் சட்டத்தை இயற்றியது. மேய்ச்சல் நிலம் குழுப் பண்ணைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கூட்டுப் பட்டா, ஓர் உறுப்பினர் பதிவேடு, 3 முதல் 10 பிரதிநிதிகள். பதிவேட்டில் ஏறியவர்கள் குடும்பத் தலைவர்கள், அதாவது வயதுவந்த ஆண்கள். அங்குமிங்கும் சில கைம்பெண்களின் பெயர்கள் இருந்தன. பால் கறந்தவள், வீடு கட்டியவள், கன்று காத்தவள் பெயர்கள் இல்லை. பதிவேடு மூடப்பட்ட பின் வயதுக்கு வந்த மகன்களின் பெயர்களும் இல்லை. பேணுகிறவர்கள் பலர், உறுப்பினர்கள் சிலர். அந்த இடைவெளி கூட்டுநிலம் கூட்டாக இருந்தவரை வெளியே தெரியவில்லை, ஏனென்றால் மாடு பதிவேட்டைப் பார்த்து மேய்வதில்லை. 1980-களில் கஜியாடோ மாவட்டப் பண்ணைகள் ஒவ்வொன்றாகத் தனிப்பட்டாக்களாகப் பிரியத் தொடங்கியபோது அது வெடித்தது. உறுப்பினருக்கு மட்டுமே துண்டு. ஆய்வாளர் எஸ்தர் முவாங்கி காட்டுவதுபோல், துண்டுகள் சமமாகவும் இல்லை; குழுவில் இருந்தவர்களுக்கும் அவர்களை நெருங்கியவர்களுக்கும் பெரியனவும் நல்லனவும் போயின. பிறகு விற்பனை, வேலி, கட்டடம். விற்ற செய்தி மனைவிக்கு வேலி போட ஆள் வந்தபோது தெரிந்த குடும்பங்கள் உண்டு.

பண்பாட்டுப் பட்டியல்களிலும் இதே விடுபடல் உண்டு. 2018-இல் யுனெஸ்கோ, உடனடிக் காப்பு தேவைப்படும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் மாசாயரின் மூன்று சடங்குகளைச் சேர்த்தது: என்கிபாத்தா, எயுனோட்டோ, ஒல்ங்எஷெர். மூன்றும் ஆண்களின் பருவமாற்றச் சடங்குகள். அவை காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தங்கள் மந்தைகளோடு ஓரிடத்தில் கூட வேண்டிய சடங்கு வேலியிட்ட துண்டுநிலத்தில் நடக்காது. சடங்கு தேய்வதற்கு நிலம் சுருங்கியது ஒரு பெருங்காரணம். இதற்கு மாறாக, குடுக்கை துலக்கும் அறிவும் எந்தப் புல் எந்த மாதம் எந்த மாட்டுக்கு ஆகும் என்ற அறிவும் பண்பாடாகவே எண்ணப்படுவதில்லை. பார்க்க வருபவர் கண்ணுக்குப் படுவதே பண்பாடு என்று கொண்டால் அன்றாட உழைப்பு கணக்கில் வராது. கணக்கில் வராத உழைப்பு உரிமை கோர முடியாது.

இந்த இடத்தில் கென்யாவின் தென் பிளவுப் பள்ளத்தாக்கில், மகாடி ஏரிக்கு மேற்கே உள்ள ஒல்கிரிமாத்தியானைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அண்டையிலுள்ள ஷொம்போலேயைப் போலவே இந்தச் சமூகமும் தன் மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியைத் துண்டாக்காமல் வைத்துக்கொண்டது. மழைக்கால மேய்ச்சலுக்கு ஒரு பகுதி, கோடைக்கு நுகுருமான் மலைச்சரிவை ஒட்டிய மறுபகுதி. கோடைப் பகுதியை எந்த நாளில் திறப்பது என்பதை மேய்ச்சல் குழு முடிவு செய்கிறது; அதற்குமுன் மாடு நுழையக் கூடாது. மாடு இல்லாத மாதங்களில் அங்கே காட்டு விலங்குகள் மேய்கின்றன, சிங்கமும் இருக்கிறது. அங்கே ஒரு பெண்கள் குழு லலேனோக் என்ற வள மையத்தை உடைமையாக வைத்திருக்கிறது. மழை எங்கே பெய்தது, புல் எங்கே நிற்கிறது என்று முன்னதாக ஆளனுப்பிப் பார்த்துவருவது மாசாய் வழக்கம். கொண்டுவந்த செய்தி பகிரப்படும் இடம் என்பதே அந்தப் பெயரின் கருத்து. ஆய்வாளர்கள் வந்து தங்குவது அங்கேதான். தங்கும் கட்டணம் பெண்கள் குழுவுக்குப் போகிறது. ஊர் இளைஞர்கள் புல்லின் உயரத்தையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் அளந்து குறிக்கிறார்கள். பாட்டன் காலத்தில் மேய்ச்சல் தேடிப் போன ஒற்றன் செய்த வேலைதான். இப்போது கையில் கருவியும் படிவமும் இருக்கின்றன.

இதில் நான் காணும் சிறப்பு வருமானத்தைப் பற்றியதல்ல. மேய்ச்சல் முடிவுக்கு அடிப்படையான செய்தி பெண்களின் கூரைக்கடியில் வந்து சேர்கிறது. ஊர்க்கூட்டத்தில் இடமில்லாதிருந்தவர்களிடம் ஊர்க்கூட்டம் செய்தி கேட்டு வர வேண்டியிருக்கிறது.

கென்யாவின் மாரா பகுதியில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். அங்கே நிலம் முதலில் தனிப்பட்டாக்களாகப் பிரிந்தது. பிறகு நில உடைமையாளர்கள் தங்கள் துண்டுகளைச் சேர்த்துச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டுக் காப்பகங்கள் அமைத்தார்கள். வேலியும் கோதுமை வயலும் ஆக்கிரமித்திருக்கக்கூடிய வெளி திறந்தே நிற்கிறது. அது பெரிய சாதனை. ஆனால் குத்தகைப் பணம் பட்டாவில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. பட்டாக்களில் மிகப்பெரும்பாலானவை ஆண்கள் பெயரில் உள்ளன. பணம் அவனுக்கு, விறகுக்கும் தண்ணீருக்கும் சுற்றிப் போகும் நடை அவளுக்கு. 1968-இன் பதிவேடு வங்கிக் கணக்காக உருமாறி நிற்கிறது.

அப்படியானால் பெண்ணுக்கும் தனிப்பட்டா கொடுத்துவிட்டால் தீருமா? கைம்பெண்ணை மைத்துனனிடமிருந்து காக்க அது உதவும். அந்த வாதத்தை ஒதுக்க முடியாது. 2013-இன் திருமணச் சொத்துச் சட்டமும் துணைவரின் ஒப்புதல் இன்றிக் குடும்ப வீட்டை விற்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்த வறண்ட நிலத்தில் மழை திட்டுத்திட்டாகப் பெய்யும். ஒரு துண்டில் பெய்தது அடுத்ததில் பெய்யாது. 2020 இறுதியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் 5 மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தபோது, மந்தையை நகர்த்த இடமில்லாதவர்கள் மாடுகளைக் கண்ணெதிரே பறிகொடுத்தார்கள். அவள் பெயரில் உள்ள துண்டும் அந்த வறட்சியில் அவளைக் காக்காது. கூட்டுநிலத்தில் அவள் முழு உறுப்பினராக இருப்பதே காக்கும்.

தான்சானியா இந்த வழியில் சில அடிகள் முன்னே போயிருக்கிறது. 1999-இன் கிராம நிலச் சட்டம், பெண்ணுக்கு நிலத்தை மறுக்கும் வழக்காறு செல்லாது என்கிறது. 7 பேர் கொண்ட கிராம நில மன்றத்தில் 3 பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உஜாமா சமூக வள அணி என்ற அமைப்பு அதே சட்டத்தின் வழக்காற்று உரிமைச் சான்றிதழைத் தனியாளுக்குப் பதில் சமூகம் முழுவதற்கும் வாங்கித் தந்தது. அதற்காக எட்வர்ட் லூரேக்கு 2016-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அதற்குள் 2,00,000 ஏக்கருக்கு மேல் அவ்வாறு பதிவாகியிருந்தது. வட தான்சானியாவின் லோலியோண்டோவில் மாசாய் பெண்களே 1997-இல் தொடங்கிய மேய்ப்பர் பெண்கள் மன்றம் கிராமந்தோறும் பெண்களைக் கூட்டி நிலச் சட்டம் கற்பிக்கிறது. 2009-இல் அங்கே வீடுகள் எரிக்கப்பட்டு மாசாயர் வெளியேற்றப்பட்டபின், 2010-இல் ஆளுங்கட்சி உறுப்பினர் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கத் திரண்டவர்கள் அந்தப் பகுதிப் பெண்கள். முன்னே சொன்ன கூட்டு அறவலிமை அரசை நோக்கித் திரும்பிய நாள் அது. ஆனாலும் 2022 ஜூனில் அரசு அங்கே 1,500 சதுர கிலோமீட்டரைக் காட்டுயிர்ப் பகுதியாக எல்லையிட்டுக் கல் நட்டது. எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பலர் கென்யாவுக்குத் தப்பினார்கள். சமூகத்தின் நிலமே பறிபோகும் இடத்தில் சமூகத்துக்குள் சம உரிமை எதன்மீது நிற்கும்? ஆகவே பெண்ணுரிமையை முன்னிறுத்திச் சமூக நில உரிமையைத் தள்ளிவைப்பவர்களோடும், சமூக உரிமையை முன்னிறுத்திப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை.

கென்யாவில் 2016-இன் சமூக நிலச் சட்டம் 1968-இன் சட்டத்தை நீக்கிவிட்டது. வயதுவந்த உறுப்பினர் அனைவரும் சேர்ந்ததே சமூகப் பேரவை. நிலத்தைக் கைமாற்ற அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். 18 வயதானதும் மொரானுக்கும் அவன் தங்கைக்கும் வாக்கு உண்டு. அம்போசெலியில் 2019-இல் 8 மாசாய் இளம்பெண்களோடு தொடங்கிய ‘டீம் லயனஸ்’ காவல் அணியினர் சீருடையில் சுற்றிவரும் அதே நிலத்தின் முடிவிலும் அவர்கள் கை உயர்த்தலாம் என்பதே இதன் பொருள். ஆனால் அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. சமூக உறுப்பினரை மணந்த ஆணோ பெண்ணோ தானாகவே உறுப்பினர் ஆகிறார். அந்த உறுப்புரிமை எப்போது முடியும் என்று சொல்லும்போது, மணமுறிவுக்குப் பின்னோ கணவன் இறந்த பின்னோ பெண் மறுமணம் செய்தால் முடியும் என்று பெண்ணை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆணின் மறுமணத்தைப் பற்றிப் பேச்சில்லை. 20 ஆண்டுகள் ஒரு மண்ணில் கன்று வளர்த்தவளின் உறுப்புரிமை மறுமணத்தோடு முறிந்துவிடும்.

அந்த வாசகத்தை நீக்க நாடாளுமன்றம் வேண்டும், காலம் ஆகும். பதிவேடு அப்படியல்ல. நிலத்தைப் பதிவுசெய்யும் ஒவ்வொரு சமூகமும் தன் உறுப்பினர் பட்டியலைத் தானே எழுத வேண்டியிருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு வரியா, ஆளுக்கு ஒரு வரியா என்பதை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். பிறந்த ஊர்ப் பதிவேட்டில் மணமான மகளின் பெயரை விட்டுவைப்பதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். எழுதுபவர் பெரும்பாலும் பள்ளி முடித்த ஓர் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருப்பார். பால் கறந்துவிட்டு வந்து மரநிழலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தன் தாயின் முழுப்பெயரை அவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.