ஆம்புலன்ஸ் வர ஏன் தாமதம்? உட்புறப் பகுதிகளில் நிமிடங்களை மிச்சப்படுத்துவது எப்படி?

தோட்டத்திலோ கம்போங்கிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு இதுதான்: "ஆம்புலன்ஸ் வர லேட்டாகும், நம்ம காடியிலேயே ஏத்திட்டுப் போயிடலாம்."

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று தெரிந்தால், அதைக் குறைக்கும் வழியும் தெரியும்.

999ஐ அழைத்ததும் என்ன நடக்கும்?

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் மலேசியாவில் 999தான் எண். அழைப்பு முதலில் பொது அழைப்பு மையத்துக்குப் போகும். மருத்துவ உதவி தேவை என்றால், மருத்துவமனையில் உள்ள ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாற்றப்படும். வண்டியை அனுப்புவது அந்த மையம்தான். சுகாதார அமைச்சின் ஆம்புலன்ஸ்களோடு பொது தற்காப்புப் படை, செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆகியவற்றின் வண்டிகளும் சேவையில் உள்ளன.

நேரம் எங்கே போகிறது?

முதலாவது, இடத்தைக் கண்டுபிடிப்பதில். தோட்டத்து லயங்களுக்கும் உள்சாலைகளுக்கும் பல இடங்களில் பெயர்ப்பலகையே இருக்காது.

இரண்டாவது, தூரம். கேமரன் மலையின் தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நோயாளியை ஈப்போ போன்ற நகரத்துக்கு மாற்ற வேண்டுமானால், மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

மூன்றாவதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. அப்படி ஒரு நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி, போய்த் திரும்பும் வரை அந்த வட்டாரத்தில் இல்லை. அடுத்த அழைப்பு வந்தால், தூரத்து வண்டிதான் வர வேண்டும்.

சரவாக்கில் நிலைமை வேறு. பரப்பளவில் அந்த ஒரு மாநிலமே ஏறக்குறைய தீபகற்ப மலேசியா அளவு பெரியது. சாலையே இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே படகும் ஹெலிகாப்டரும்தான் ஆம்புலன்ஸ். 'பறக்கும் மருத்துவர்' சேவை 1973இல் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

வண்டிகளை அதிகமாக்கினால் போதாதா?

வண்டி வாங்குவது சுலபமான பகுதி. அதை 24 மணி நேரமும் ஓட்ட ஓட்டுநர்களும் பயிற்சி பெற்ற உதவி மருத்துவ அதிகாரிகளும் வேண்டும். எல்லா வண்டிகளும் மருத்துவமனையில் நிற்காமல், சில சிறிய அரசாங்க கிளினிக்குகளில் நிற்க வேண்டும். நோயாளியை மாற்றும் பணிக்குத் தனி வண்டி இருந்தால், அவசர வண்டி ஊரிலேயே இருக்கும். கைப்பேசி சிக்னலும் இதில் அடங்கும். சிக்னல் இல்லாத ஊரில் 999 வெறும் எண்தான்.

வண்டி வரும் வரை?

இதயம் நின்றுவிட்டால், சிபிஆர் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் சேவையாலும் உட்புறத்துக்கு அந்த வேகத்தில் வர முடியாது. அதனால் ஊருக்குள்ளேயே சிலர் சிபிஆர் கற்றிருப்பதும், இதய மின்னதிர்ச்சிக் கருவியான ஏஇடி பொது மண்டபத்தில் இருப்பதும் ஆடம்பரம் இல்லை.

மூச்சு இல்லாதவரைக் காடியில் ஏற்றினால், ஓடும் காடியின் பின்சீட்டில் சரியாக நெஞ்சை அழுத்த முடியாது. எனவே முதலில் 999ஐ அழையுங்கள். தரையில் படுக்க வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சின் நடுவே அழுத்துங்கள். மற்ற நிலைகளில் காடியில் கொண்டுபோகலாமா என்பதையும் 999இலேயே கேளுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஓர் அடையாளத்தை இப்பவே முடிவு பண்ணுங்க: கோயில், பள்ளி, கடை, எதுவானாலும் சரி. தாத்தா பாட்டியின் கைப்பேசியிலும் அதை எழுதி வையுங்கள். அவசரத்தின்போது ஒருவரை முதன்மைச் சாலைக்கு அனுப்பி, வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். உங்கள் சிம்மில் சிக்னல் இல்லை என்றால் 112ஐ அழைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியே அழைப்பு போகும்.

சாலையும் வண்டியும் அரசாங்கத்தின் பொறுப்பு, அதைக் கேட்பது நம் உரிமை. முதல் சில நிமிடங்கள் மட்டும் பக்கத்தில் இருப்பவர் கையில்.