ஜோஹாரி–கோல்ட்ஸ்டைன் தளர்வு பிறந்த கதை

படிகமாக விடாமல் ஒரு திரவத்தை வேகமாகக் குளிர்வித்தால், அது இறுகிக்கொண்டே போய்க் கண்ணாடியாகிவிடும். மூலக்கூறுகள் தம் அமைப்பை மாற்றிக்கொள்வதைத் தளர்வு என்பார்கள். அதற்குச் சுமார் 100 விநாடி பிடிக்கும் வெப்பநிலையே வழக்கமான எல்லை. அதற்குக் கீழே இந்தப் பெரிய தளர்வு ஆண்டுக்கணக்கில் நீளும். ஆனால் அப்போதும் வேகமான ஒரு சிற்றசைவு ஓயாமல் இருப்பது பாலிமர்களில் முன்பே தெரிந்திருந்தது.

அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. அக்ரிலிக் போன்றவற்றில் நீண்ட சங்கிலியின் பக்கவாட்டில் சிறு அணுக்கூட்டங்கள் ஜிமிக்கிபோலத் தொங்குகின்றன. சங்கிலி உறைந்தாலும் அவை ஆடும் என்றார்கள்.

ஞான் ஜோஹாரி, மார்ட்டின் கோல்ட்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அப்படி ஆட உறுப்பே இல்லாத விறைப்பான மூலக்கூறுகளைத் தேடிப் பிடித்தார்கள். இந்தத் தேர்வுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. குளோரோபென்சீனை டெக்கலினோடு கலந்து, சுழியத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் அப்பால் கண்ணாடியாக்கினார்கள். உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், முனைவுள்ள மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயலும். இரண்டின் வேகமும் ஒத்துவரும் அதிர்வெண்ணில் ஆற்றல் இழப்பு உச்சம் தொடும். உறைந்த கண்ணாடியிலும் அந்த உச்சம் தெரிந்தது! முழு மூலக்கூறே அசைகிறது, அந்த அசைவு கண்ணாடி நிலைக்கே உரியது என்று 1970இல் எழுதினார்கள்.

சூடாக்கினால் வேகமான தளர்வும் மெதுவான தளர்வும் நெருங்கி ஒன்றாகின்றன. அப்படியானால் இவற்றுக்குள் என்ன உறவு? நெருக்கம் குறைந்த திட்டுகளில் மட்டுமே சிற்றசைவு நடக்கிறது என்பது ஜோஹாரியின் கருத்து. கியா நகாய் என்ற ஆய்வாளரோ, மூலக்கூறு தனித்து எடுத்துவைக்கும் முதல் அடியே அது, சுற்றியுள்ளவை குறுக்கிடும்போது அதுவே மெதுவான தளர்வாக வளர்கிறது என்றார். எனக்கு இரண்டாவதுதான் பொருந்துவதாகப் படுகிறது. இரு தளர்வுகளின் காலங்களுக்கும் இடையே பல பொருள்களில் தெரியும் ஒழுங்கை அது விளக்குகிறது.

வேகமான சிற்றசைவுகள் மருந்துத் துறைக்கும் முக்கியமானவை. புரதத்தைக் கெடாமல் காக்க ட்ரெஹலோஸ் சர்க்கரைக் கண்ணாடிக்குள் பொதிந்துவைப்பார்கள். அதில் சிறிது கிளிசரால் சேர்த்தால், கண்ணாடியாகும் வெப்பநிலை குறைகிறது. புரதம் சீக்கிரம் கெடும் என்றே எதிர்பார்ப்போம். மார்கஸ் சிசரோனும் கிறிஸ்டோஃபர் சோல்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது நேர்மாறு. கிளிசரால் அதிவேகச் சிற்றசைவுகளை அடக்கியது. நொதிகள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன.